உங்கள் நினைவுக்கு எது கொழுகொம்பு?



மார்கழி பிறந்துவிட்டால் நமக்கு வரும் கடிதங்களின் போக்கே மாறிவிடுகிறது. பொதுத்தேர்வு நெருங்குகிறது என்ற நினைப்பு வீட்டுக்குள் நுழைந்ததும் அம்மாக்கள் பேனாவை எடுத்துவிடுகிறார்கள். ‘உட்கார்ந்து படிக்கத்தான் செய்கிறான், மறுநாள் கேட்டால் ஒன்றும் தங்கியிருக்காது’ என்பது ஒரு வகைக் கடிதம். ‘எதிரே வருகிறவரின் முகம் தெரிகிறது, தெரு தெரிகிறது, அவர் மகள் கல்யாணத்தில் சாப்பிட்ட பாயசம்கூட நினைவிருக்கிறது, பெயர் மட்டும் வரமாட்டேன் என்கிறது’ என்று ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் எழுதுவது இன்னொரு வகை. எல்லோரும் கடைசியில் வந்து நிற்பது ஒரே இடத்தில்தான்: நினைவாற்றல் பெருகப் பத்து வழிகள் என்று ஒரு கட்டுரை போடக் கூடாதா?

போடலாம். அட்டையில் கொட்டை எழுத்தில் போட்டால் நாலு பிரதி கூடுதலாகவும் போகும். ஆனால் அந்தப் பட்டியல்களில் எனக்கு நம்பிக்கை இல்லை. நினைவு என்பது எல்லோருக்கும் ஒரே சரக்கு, ஒருவரிடம் அதிகம், இன்னொருவரிடம் குறைவு, அவ்வளவுதான் வித்தியாசம் என்று வைத்துக்கொண்டுதான் அவை பேசுகின்றன. அது அப்படி இல்லை. அதைத் தெரிந்துகொள்ள நெடுந்தூரம் போகவும் வேண்டாம். ஸ்ரீவில்லிபுத்தூர்வரை வந்தால் போதும்.

பகல்பத்து, இராப்பத்து நாட்களில் ஆண்டாள் கோயிலுக்குப் போகிறவர்கள் அரையர் சேவையைப் பார்த்திருப்பீர்கள். இன்று அது வழக்கத்தில் இருப்பது திருவரங்கம், ஸ்ரீவில்லிபுத்தூர், ஆழ்வார்திருநகரி, மேல்கோட்டை என்று விரல்விட்டு எண்ணிவிடக்கூடிய தலங்களில்தான். தலையில் உயர்ந்த குல்லாய், கையில் தாளம். அரையர் முதலில் பாசுரத்தை இசையோடு பாடுவார். அடுத்து அதற்கு அபிநயம் பிடிப்பார். பிறகு தம்பிரான்படி என்ற வியாக்கியானத்தைச் சொல்வார். தகப்பனிடம் மகன் சிறுவயதிலிருந்தே கேட்டுக் கேட்டுப் பழகிய வித்தை அது. பார்க்கிறவர்கள் ‘என்ன ஞாபகம்!’ என்று வியக்கிறார்கள். எனக்கோ ஞாபகத்தைவிட அதை அடுக்கி வைத்திருக்கும் விதத்தின் மேல்தான் வியப்பு. ஒரே பாசுரம் குரலாக ஒருமுறை, கையசைவாக ஒருமுறை, பொருளாக ஒருமுறை உள்ளே போகிறது. குரல் தடுமாறினால் கை எடுத்துக்கொடுக்கும், கை தயங்கினால் பொருள் எடுத்துக்கொடுக்கும்.

1980களில் தொடங்கி உளவியலார் ஒரு சின்னச் சோதனையைப் பல தடவை செய்து பார்த்திருக்கிறார்கள். தீப்பெட்டியைத் திற, காகிதத்தை மடி என்று வரிசையாகச் சில ஏவல்கள். ஒரு கூட்டத்தார் காதால் கேட்பதோடு சரி. இன்னொரு கூட்டத்தார் சொன்னதைச் செய்துவிடுவார்கள். பிறகு என்னென்ன சொன்னோம் என்று கேட்டால், செய்தவர்களுக்கே அதிகம் நினைவிருக்கிறது. அரையர்கள் இதை எந்த ஆய்வுக்கூடத்திலும் போய்க் கற்றுக்கொள்ளவில்லை.

அரையர் மரபைத் தொடங்கி வைத்தவர் நாதமுனிகள் என்பது வைணவ வழக்கு. அவர் கதையே ஒரு மறதியின் கதைதான். காட்டுமன்னார்கோயிலுக்கு வந்த யாத்திரிகர்கள் குடந்தைப் பெருமாள் மேல் ஒரு பதிகம் பாடினார்கள். அதன் கடைசிப் பாட்டு, ஆயிரம் பாட்டில் இவை பத்து என்று கணக்குச் சொல்லி முடிந்தது. மீதி எங்கே என்று நாதமுனிகள் கேட்டார். பாடியவர்களுக்குத் தெரியவில்லை. அவர் தேடிக்கொண்டு குருகூர் போய், கண்ணிநுண் சிறுத்தாம்புப் பாசுரங்களைப் பன்னீராயிரம் முறை சொல்லி, குடந்தைப் பதிகத்தைப் பாடிய நம்மாழ்வாரிடமிருந்தே ஆழ்வார்களின் நாலாயிரம் பாசுரங்களையும் பெற்றார் என்கிறது குருபரம்பரை. நம்புகிறவர்கள் நம்பட்டும். நான் கவனிப்பது வேறு. தொலைந்துபோனது தொலைந்தது என்று எப்படித் தெரிந்தது? பாட்டுக்குள்ளேயே இருப்புக் கணக்கு இருந்ததால். திருப்பாவையும் தன் கடைசிப் பாட்டில் முப்பது என்ற கணக்கைச் சொல்லித்தான் முடிகிறது. எழுதி வைக்காத காலத்தில் ஒன்று குறைந்தால் கண்டுபிடிக்க இதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது.

அந்தக் குடந்தைப் பதிகம் இடம்பெற்ற திருவாய்மொழியின் 1,102 பாசுரங்களும் அந்தாதியாகக் கோத்தவை. ஒன்று முடியும் சொல்லில் அடுத்தது பிறக்கும். அடுத்தது என்ன என்று யோசிக்க வேண்டிய நேரத்தில் அது ஏற்கெனவே வாயில் நிற்கும். எதுகையும் மோனையும் செய்வது ஏறக்குறைய இதே வேலைதான். இலக்கண வகுப்பில் அவற்றை அழகு என்று மட்டும் சொல்லிக்கொடுத்து விட்டுவிடுகிறோம், அவை சுமந்த பாரத்தைச் சொல்வதில்லை.

இந்தக் கோவைக்கு ஒரு குறையும் உண்டு, தேர்வு எழுதப் போகிற பிள்ளைகளின் வீட்டில் அதைத்தான் கவனிக்க வேண்டும். திருப்பாவை முப்பதும் தலைகீழாகத் தெரியும் என்கிற குழந்தையிடம் பதினேழாவது பாட்டு எது என்று கேட்டுப் பாருங்கள். விரலை மடக்கிக்கொண்டு முதல் பாட்டிலிருந்து உதடு அசையத் தொடங்கும். வாய்ப்பாடும் அப்படித்தான், பதினாறாம் வாய்ப்பாட்டில் நடுவே கேட்டால் ‘ஓர் பதினாறு’ என்றுதான் கிளம்ப வேண்டியிருக்கும். கோவையாகக் கோத்தது கோவையாகத்தான் வரும். வேதியியல் விடையை முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை இப்படிக் கோத்து வைத்த பையனிடம் வினாத்தாள் அதே விஷயத்தைத் திருப்பிப் போட்டுக் கேட்டால் அவன் திகைப்பான். அவனுக்கு நினைவு குறைவு என்று நாம் திட்டுவோம். நினைவு குறைவில்லை, இடையில் பிடித்து ஏற வழி இல்லாமல் கட்டிவிட்டான்.

நினைவுக்கு உச்சம் என்று நம் பக்கம் சொல்வது அவதானத்தை. கவிதைக்கு ஈற்றடி கொடுக்க ஒருவர், கணக்குப் போட ஒருவர், முதுகில் பூவோ நெல்லோ எறிய ஒருவர், நடுநடுவே மணியடிக்க ஒருவர் என்று பலர் ஒரே நேரத்தில் கேட்க, அத்தனைக்கும் விடை சொல்வது அந்தக் கலை. நாகர்கோவில் இடலாக்குடியில் 1874இல் பிறந்த செய்குத்தம்பிப் பாவலர், 1907 மார்ச் 10ஆம் நாள் சென்னை விக்டோரியா மண்டபத்தில் நூறு பொருள்களை ஏற்று நிகழ்த்திச் சதாவதானி ஆனார். சீறாப்புராணத்துக்கு உரை எழுதியவர் அவர். யாப்பு அவர் மூச்சில் கலந்திருந்தது. அப்படிப்பட்டவருக்கு ஓர் ஈற்றடி கொடுத்தால் வெண்பாவில் அது உட்காரும் இடம் உடனே தெரிந்துவிடும். யாப்பு அறியாத எனக்குக் கொடுத்தால் அது நாலு வெறும் சொல்.

மேல்நாட்டு ஆய்வு ஒன்று இதையே எண்களை வைத்துக் காட்டியது. அமெரிக்காவில் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் ஆண்டர்ஸ் எரிக்சன், வில்லியம் சேஸ் என்ற இருவரும் ஒரு சாதாரண மாணவரை உட்காரவைத்து எண்களை ஒவ்வொன்றாகப் படித்தார்கள். கேட்டு முடித்ததும் வரிசை மாறாமல் திருப்பிச் சொல்ல வேண்டும். முதலில் அவரால் சொல்ல முடிந்தது ஏழு எண்கள், நம்மில் பெரும்பாலோர் போல. ஏறக்குறைய 20 மாதங்களில் 230 மணி நேரம் பழகிய பிறகு 79 எண்கள் சொன்னார். 1980இல் ‘சயன்ஸ்’ இதழில் இது வெளிவந்தது. எப்படி முடிந்தது? அந்த மாணவர் நெடுந்தூர ஓட்டக்காரர். 3492 என்று காதில் விழுந்தால், 3 நிமிடம் 49.2 வினாடி, ஒரு மைல் ஓட்டத்தின் அன்றைய உலக சாதனைக்குப் பக்கத்தில் என்று வைத்துக்கொள்வார். ஓட்ட நேரமாகப் பொருந்தாத 893 போன்றதை 89.3 வயதுக் கிழவர் என்று வைத்துக்கொள்வார். எண்களை எடுத்துவிட்டு எழுத்துகளைப் படித்தபோது அவர் பழையபடி ஆறு எழுத்துக்கு இறங்கிவிட்டார். 20 மாதப் பயிற்சியில் ‘நினைவு சக்தி’ என்ற பொதுவான ஒன்று ஒரு பிடிகூடக் கூடவில்லை என்பதுதான் இதில் முக்கியம்.

நம் நாட்டு உதாரணமும் உண்டு. 1981 ஜூலை 5 அன்று மங்களூரில் ராஜன் மகாதேவன் என்ற இளைஞர் ‘பை’ என்ற எண்ணின் தசம இலக்கங்களை 31,811 வரை பிழையில்லாமல் சொல்லிக் கின்னஸ் புத்தகத்தில் ஏறினார். பின்னர் அமெரிக்காவில் கான்சாஸ் மாநிலப் பல்கலைக்கழக உளவியலார் அவரைப் பல ஆண்டுகள் சோதித்தார்கள். எண்களில் அவரை நெருங்க ஆளில்லை. சொற்களையும் கதைகளையும் கொடுத்தபோது மற்ற மாணவர்களுக்கு எவ்வளவு நினைவிருந்ததோ அவ்வளவுதான் அவருக்கும். எண்களைப் படமாக மாற்றிக்கொள்ளும் வழக்கமான உத்தியும் அவருடையது அல்ல. எந்த இலக்கம் வரிசையில் எத்தனையாவது இடம் என்றே அவருக்குத் தங்கியது.

முல்லைக்கொடி ஏறக் கொழுகொம்பு வேண்டும், தரையில் விட்டால் படரும், ஏறாது. புதிய செய்திக்கும் அப்படி ஒன்று தேவை. அந்தக் கொம்பு நாம் ஏற்கெனவே நன்றாக அறிந்த ஏதாவது ஒன்றாகத்தான் இருக்க முடியும். ஓட்டக்காரருக்கு ஓட்ட நேரம், பாவலருக்கு யாப்பு. கடையில் விற்கும் புத்தகத்தில் இருப்பது வேறு யாரோ நட்டுக்கொண்ட கொம்பு.

நம் ஊர்களில் சுற்றிப் பார்த்தால் இது நன்றாகவே தெரியும். ராஜபாளையத்தில் நாய் வளர்க்கும் பெரியவர்களிடம் பேச்சுக் கொடுங்கள். இந்த வெள்ளை நாயின் தாய் எந்த வீட்டில் ஈன்றது, அதன் தாய்க்கு மூக்கு எப்படி இளஞ்சிவப்பாக இருந்தது, கூடப் பிறந்த குட்டிகள் எங்கெங்கே போயின என்று நாலு தலைமுறை சொல்வார்கள். பேரன் எந்த வகுப்புப் படிக்கிறான் என்று கேட்டால் உள்ளே திரும்பி வீட்டம்மாவைப் பார்ப்பார்கள். நூற்பாலையில் ஆயுளைக் கழித்தவர் நூலை விரலில் உருட்டி இது நாற்பதாம் நம்பர், இது அறுபதாம் நம்பர் என்பார். மினிபஸ் நடத்துனர் எந்த நிறுத்தத்தில் யார் ஏறினார், யாருக்கு இன்னும் சில்லறை பாக்கி என்பதை எழுதாமல் வைத்திருப்பார். இவர்களில் ஒருவரைக்கூட ஞாபகசக்திக்காரர் என்று யாரும் மேடையேற்றியதில்லை. பத்தாம் வகுப்பில் மனப்பாடப் பகுதிக்காக முழங்காலில் நின்றவர்கள் இவர்களிலேயே இருக்கலாம்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா கிண்டுகிறவரிடம் ‘எப்போது இறக்க வேண்டும்?’ என்று கேட்டால் அவர் சொல்வது ‘பக்குவம் வந்ததும்’. அதற்கு மேல் சொல்ல அவருக்குத் தெரியாது, கரண்டி பிடித்த கைக்குத் தெரியும். கையின் நினைவு வேறு, செய்தியின் நினைவு வேறு என்பதை மருத்துவ உலகுக்குக் காட்டியவர் ஹென்றி மொலைசன் என்ற அமெரிக்கர். வலிப்பு நோய்க்காக 1953இல் அவர் மூளையில் செய்த அறுவையில் ஹிப்போகேம்பஸ் என்ற பகுதியின் பெரும்பங்கு நீக்கப்பட்டது. அதன்பின் புதிய செய்தி எதையும் அவரால் நினைவில் வைக்க முடியவில்லை. பிரெண்டா மில்னர் என்ற ஆய்வாளர் கண்ணாடியில் பார்த்தபடி ஒரு நட்சத்திரத்தின் ஓரமாகக் கோடு இழுக்கும் வேலையை அவருக்குக் கொடுத்தார். நாளுக்கு நாள் கை தேர்ந்தது. இதற்கு முன் இந்த வேலையைச் செய்திருக்கிறோம் என்பது மட்டும் அவருக்கு நினைவில்லை. வயதான காலத்தில் பெயர்கள் நழுவுகிறவர்கள் பலரும் கோலத்தையும் தையலையும் வண்டி ஓட்டுவதையும் விடாமல் செய்வதில் ஆச்சரியமில்லை. அவை இருக்கும் அறை வேறு.

பெயர் ஏன் இப்படிப் படுத்துகிறது? அதற்கும் ஒரு சோதனை இருக்கிறது. 1987இல் இங்கிலாந்தில் செய்தது. ஒரே முகத்தைக் காட்டி, சிலரிடம் இவர் பெயர் பேக்கர் என்றார்கள், வேறு சிலரிடம் இவர் தொழில் பேக்கர், அதாவது ரொட்டி சுடுகிறவர் என்றார்கள். தொழில் என்று கேட்டவர்களுக்கு அதிகம் நினைவிருந்தது, பெயர் என்று கேட்டவர்களுக்கு அதிகம் மறந்தது. ரொட்டி என்றதும் அடுப்பும் மாவும் மணமும் வந்து சேர்ந்துகொள்கின்றன. வெறும் பெயருக்கு அப்படி யாரும் துணையில்லை. நம் பெரியவர்கள் இதற்கு எப்போதோ வழி கண்டுவிட்டார்கள். தேர்முட்டிக் கடைக்காரர், சத்திரப்பட்டி மாமா, பேண்டேஜ் தறிக்காரர் என்று ஆளோடு இடத்தையோ தொழிலையோ முடிச்சுப் போட்டு வைப்பார்கள். ராஜபாளையத்தில் ஆளின் பெயரோடு சேர்த்துச் சொல்லும் வீட்டுப்பெயர்களுக்கும் இந்தப் பயன் உண்டு. ஓய்வுபெற்ற ஆசிரியர்களுக்கு நான் சொல்வது இதுதான்: பெயரைத் தனியாகத் துரத்தாதீர்கள், ஆளைப் பற்றிய மற்றதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே போங்கள், பெயர் பல நேரம் பின்னாலேயே வந்து சேரும். ஆனால் பழகிய தெருவில் வழி தப்புகிறது, கேட்டதையே சற்று நேரத்தில் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள் என்றால் உத்திகளைத் தேடிக்கொண்டிருக்க வேண்டாம். மருத்துவரிடம் போக வேண்டும்.

‘தனக்கேற்ற முறை’ என்று சொன்னதும் சிலர் உடனே ஒரு முத்திரையைக் குத்திவிடுகிறார்கள். என் மகள் பார்த்துப் படிக்கிற ரகம், என் மகன் கேட்டுப் படிக்கிற ரகம் என்று. பள்ளிகளிலும் இந்தப் பேச்சு உலவுகிறது. 2008இல் ஹெரால்ட் பாஷ்லரும் கூட்டாளிகளும் அதுவரை வந்த ஆய்வுகளை எல்லாம் எடுத்துவைத்துப் பார்த்தார்கள். ரகம் பிரித்துச் சொல்லிக்கொடுத்தால் பிள்ளைகள் நன்றாகக் கற்கிறார்கள் என்பதற்குத் தக்க சான்று இல்லை என்று முடித்தார்கள். நிலப்படத்தைப் பார்த்துத்தான் படிக்க வேண்டும், பாட்டைக் கேட்டுத்தான் படிக்க வேண்டும், அது பிள்ளையின் ரகத்தைப் பொறுத்தது அல்ல.

அதற்காக எல்லோர் உள்ளமும் ஒரே மாதிரி என்றும் சொல்ல முடியாது. மனக்கண்ணில் படம் தோன்றுவது ஆளுக்கு ஆள் வேறுபடும் என்பதை 1880இலேயே பிரான்சிஸ் கால்டன் எழுதிவிட்டார். காலைச் சாப்பாட்டு மேசையை நினைத்துப் பாருங்கள் என்றதும், கண்ணெதிரே இருப்பது போலத் தெரிகிறது என்றவர்களும் இருந்தார்கள், படமா, அப்படி ஒன்றும் தெரியவில்லையே என்று விழித்தவர்களும் இருந்தார்கள். அந்த நிலைக்கு ஆடம் ஜீமன் 2015இல் அஃபான்டேசியா என்று பெயர் வைத்தார். அது நோயல்ல. அப்படிப்பட்ட பிள்ளையிடம் ‘யானை சைக்கிள் ஓட்டுவதை மனதில் பார், மறக்காது’ என்றால் அது நம்மைத்தான் பார்க்கும்.

வழித்தட முறையைச் சொல்லாமல் இந்தப் பக்கத்தை முடிக்க முடியாது. பழைய கிரேக்கர்கள் கவிஞர் சிமோனிடிஸ் பெயரில் சொல்லிவைத்த முறை அது. நன்கு தெரிந்த ஒரு வழியில் மனத்தால் நடந்து, ஒவ்வோர் இடத்திலும் ஒரு செய்தியை வைத்துவிட்டு வருவது. 2003இல் லண்டனில் எலினோர் மெக்வாயர் குழுவினர் நினைவுப் போட்டிகளில் வெல்லும் பத்துப் பேரை ஆராய்ந்தார்கள். அவர்கள் மூளையின் அமைப்பிலும் பொது அறிவுத்திறனிலும் மற்றவர்களைவிட வேறுபாடு தெரியவில்லை. பத்தில் ஒன்பது பேர் இந்த வழித்தட முறையைக் கையாண்டவர்கள்.

வில்லிபுத்தூர்ப் பிள்ளைக்கு இதற்குத் தனி இடம் எதுவும் தேட வேண்டியதில்லை. ஆண்டு விழாவில் ஐந்து செய்தி சொல்லிப் பேச வேண்டும் என்று வையுங்கள். முதலாவதை 11 நிலை ராஜகோபுர வாசலில் நிறுத்து. இரண்டாவது வடபத்ரசாயி சந்நிதியில். மூன்றாவது ஆண்டாள் கண்டெடுக்கப்பட்ட நந்தவனத்தில். நான்காவது ஆண்டாள் சந்நிதியில். ஐந்தாவது கண்ணாடிக் கிணற்றை எட்டிப் பார்க்கும்போது. படம் தெரியாவிட்டாலும் பாதகமில்லை, அடுத்து எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று கால் அறிந்திருந்தால் போதும். ராஜபாளையத்துப் பெண் ஜவகர் மைதானத்திலும் காந்தி கலை மன்றத்திலும் வைத்துக்கொள்ளட்டும். சஞ்சீவி மலையும் இருக்கிறது, தினம் பார்க்கிற மலை எங்கே போய்விடப் போகிறது? இந்தக் கோயிலுக்கு ஒருமுறை வந்துபோன வெளியூர்க்காரருக்கு இது எதுவும் உதவாது. அவர் தன் ஊர்ச் சந்தைக்குள் நடக்க வேண்டும்.

ராஜபாளையத்தாருக்கு இன்னொரு கொம்பும் உண்டு. அங்கே பல வீடுகளில் உள்ளே தெலுங்கு, வாசலைத் தாண்டினால் தமிழ். ரஷ்ய மொழி பேசி வளர்ந்து அமெரிக்கா போய்க் குடியேறியவர்களை விசாரித்து வியோரிகா மேரியன், உல்ரிக் நைசர் என்ற இருவர் 2000இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ரஷ்ய மொழியில் கேட்டால் ரஷ்ய மொழியில் நடந்த சம்பவங்கள் அதிகம் நினைவுக்கு வந்தன, ஆங்கிலத்தில் கேட்டால் ஆங்கிலத்தில் நடந்தவை. ஆகவே பாட்டியின் பழைய கதைகளை எழுதிவைக்க நினைக்கும் பேரப்பிள்ளைகள், அவர் இளமையில் எந்த மொழியில் வாழ்ந்தாரோ அந்த மொழியில் கேட்டுப் பாருங்கள்.  

இனி அம்மாக்களுக்கு. ஆளுக்கு ஆள் மாறாத ஒன்றும் இருக்கிறது. 2006இல் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ரோடிகர், கார்பிக் என்ற இருவர் மாணவர்களிடம் ஒரு சிறிய பகுதியைக் கொடுத்தார்கள். ஒரு கூட்டத்தார் அதை நான்கு வேளை படித்துக்கொண்டே இருந்தார்கள். இன்னொரு கூட்டத்தார் ஒரு வேளை படித்துவிட்டு, மூன்று வேளை தாளை மூடி நினைவிலிருந்து எழுதிப் பார்த்தார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தால் படித்தே கிடந்தவர்கள் முன்னே நின்றார்கள், 83 சதவீதம், மற்றவர்கள் 71. ஒரு வாரம் கழித்துச் சோதித்தால் கணக்கு புரண்டுவிட்டது. படித்தே கிடந்தவர்களுக்கு 40 சதவீதம்தான் மிஞ்சியது, மூடிவைத்து எழுதிப் பார்த்தவர்களுக்கு 61. இதில் வேடிக்கை, தங்களுக்கு நன்றாக நினைவிருக்கும் என்று அதிகம் நம்பியதும் படித்தே கிடந்தவர்கள்தான். புத்தகத்தை விரித்துவைத்து மணிக்கணக்கில் உட்கார்ந்திருக்கும் பையன் பொய் சொல்லவில்லை. அவனுக்குத் தெரிந்தது போலவே இருக்கிறது. புத்தகத்தை மூடிவிட்டு, அடுப்படியில் நிற்கும் உங்களிடம் வந்து சொல்லிக்காட்டச் சொல்லுங்கள். உங்களுக்கு அந்தப் பாடம் தெரியாவிட்டால் இன்னும் நல்லது, புரியும்படி சொல்லியாக வேண்டும். நடுவிலிருந்தும் கேளுங்கள், பின்னாலிருந்தும் கேளுங்கள். இரவு தூங்கவிடுங்கள். தூக்கத்தில்தான் பகலில் படித்தது கெட்டிப்படுகிறது.

எல்லாவற்றையும் தலையில்தான் சுமக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. முந்தானையில் முடிச்சுப் போட்ட அம்மாக்களும், பால் கணக்கைச் சுவரில் கரிக்கோடாகப் போட்ட பாட்டிகளும் மறதிக்காரர்கள் அல்லர். இப்போது கைபேசியில் அலாரம் வைக்கிறோம், அதில் கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை. மாத்திரையைக் காபிப் பொடி டப்பாவுக்குப் பக்கத்தில் வைப்பது, அலாரத்தையே மறந்து அணைத்துவிடுகிறவர்களுக்கு இன்னும் நம்பகமான வழி.

தை இதழில் உங்களுக்காகச் சில பக்கங்களை ஒதுக்கியிருக்கிறோம். அஞ்சலட்டையில் எழுதினாலும் சரி, வாட்ஸ்அப்பில் குரலாகப் பேசி அனுப்பினாலும் சரி. எதை நினைவில் வைக்க வேண்டியிருந்தது, அதை எதில் ஏற்றி வைத்தீர்கள் என்று எழுதுங்கள். தறிக்காரர், நடத்துனர், பூக்கட்டுகிறவர், சமையல்காரர், மருந்துக்கடையில் நிற்கிறவர் எல்லோருடைய வழியும் வேண்டும், மாணவர்களோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள். உங்களுக்கு ஒத்துவராமல் போன முறையையும், எந்த இடத்தில் அது கைவிட்டது என்பதையும் சேர்த்தே எழுதுங்கள். அப்படிப்பட்ட கடிதங்களுக்கு முதலிடம்.

அன்புடன்,
ஆசிரியர்